இன்னும் எத்தனை மாதம் தாக்குப்பிடிப்பது?
மருத்துவக் கருவி ஸ்டார்ட்-அப்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நண்பரும் நானும் வேலையை விட்டுவிட்டு மூன்று வருடமாக ஒரு பல்ஸ் ஆக்ஸிமீட்டர் செய்துவருகிறோம். வீட்டில் படுத்திருக்கும் நோயாளியின் ஆக்ஸிஜன் அளவு மருத்துவரின் செல்போனுக்கே போய்விடும். ஆய்வகச் சோதனையில் இரண்டு முறை தோற்றுவிட்டது. கையில் ஏழு மாதச் செலவுக்குத்தான் பணம். தொடர்வதா, மூடுவதா? (வாசகர், கோவை)

பதில்: எந்தச் சோதனையில் தோற்றது என்று எழுதாமல் விட்டுவிட்டீர்களே! தொடர்வதும் மூடுவதும் அதைப் பொறுத்துத்தான்.

நிலைமின் சோதனையில் தோற்றிருந்தால் கலங்க வேண்டாம். மருத்துவ மின்கருவிகளுக்கான ஐஇசி 60601-1-2 என்ற சர்வதேசத் தரநிலைப்படி கருவியைத் தொட்டு 8 கிலோவோல்ட், காற்று வழியாக 15 கிலோவோல்ட் வரை பொறி பாய்ச்சுவார்கள். முதல் சர்க்யூட் போர்டு இதைத் தாக்குப்பிடித்துவிட்டால்தான் ஆச்சரியம். பொறி நுழைவது பெரும்பாலும் சார்ஜர் துளை வழியாக, அல்லது பிளாஸ்டிக் பெட்டியின் இரு பாதிகள் சேரும் விளிம்பு வழியாக. டிவிஎஸ் டையோடை (பொறியைக் கிரவுண்டுக்குத் திருப்பிவிடும் பாகம்) சார்ஜர் சாக்கெட்டை ஒட்டியே வையுங்கள். அதிலிருந்து கிரவுண்டுக்குப் போகும் தடம் மெலிந்து நீண்டிருந்தால் டையோடு இருந்தும் பயனில்லை. பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். பெட்டியின் விளிம்பில் உள்பக்கமாக ஒரு வரப்பு கொடுத்தால் பொறி சுற்றிவர வேண்டிய தூரம் கூடும். சோதனையின்போது கருவி ரீசெட் ஆகித் தானே எழுந்துகொள்வதைவிட, உறைந்துபோய்ப் பழைய எண்ணையே காட்டிக்கொண்டு நிற்பதுதான் ஆபத்து. உறைந்த கருவியைத் தானே ரீசெட் செய்யும் வாட்ச்டாக் அவசியம்.

கருவி வெளிவிடும் மின்காந்தக் கதிர்வீச்சு அளவு மீறியிருந்தால் முதலில் விரல் ப்ரோபின் (விரலில் மாட்டும் சென்சார்) வயரைச் சந்தேகியுங்கள். அது ஆன்டெனாவாக வேலை செய்யும். வயரில் ஃபெரைட் மணி (மின்காந்த இரைச்சலை அடக்கும் சிறு வளையம்) போட்டுப் பாருங்கள். அடுத்து ஸ்விட்சிங் பவர் சப்ளை. இவையெல்லாம் இரண்டு மூன்று போர்டுத் திருத்தங்களில் தீரக்கூடியவை. முழுச் சோதனைக்குப் பணம் கட்டுவதற்கு முன், சென்னை தரமணியில் உள்ள சமீர் (மத்திய அரசின் மின்காந்த ஆய்வு மையம்) போன்ற இடத்தில் சில மணி நேர முன்சோதனை கிடைக்குமா என்று கேளுங்கள்.

துல்லியத்தில் தோற்றிருந்தால் கதை வேறு. 660 நானோமீட்டர் சிவப்பு ஒளியும் 940 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியும் விரலுக்குள் எவ்வளவு உறிஞ்சப்படுகின்றன என்ற விகிதத்தை வைத்துத்தான் இந்தக் கருவி கணக்குப் போடுகிறது. விரல் குளிர்ந்து ரத்த ஓட்டம் குறைந்தால் சிக்னல் மெலிந்துவிடும். தோலின் கருமையும் கணக்கைப் பிசகச் செய்யும். 2020 டிசம்பரில் அமெரிக்காவின் மிச்சிகன் ஆய்வாளர்கள் வெளியிட்ட கணக்குப்படி, ஆக்ஸிமீட்டர் கண்டுபிடிக்காமல் விட்ட ஆக்ஸிஜன் குறைவு வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு. நம் ஊரில் விற்க நினைப்பவர் இதை மறக்கக் கூடாது.

கடையில் வாங்கிய இன்னொரு ஆக்ஸிமீட்டரோடு ஒப்பிட்டு "ஒத்துப்போகிறது" என்று அறிக்கை எழுதுவது செல்லாது. ஆக்ஸிமீட்டருக்கான ஐஎஸ்ஓ 80601-2-61 தரநிலை கேட்பது, தன்னார்வலர்களின் ஆக்ஸிஜனை மருத்துவக் கண்காணிப்பில் படிப்படியாக 70 சதவீதம் வரை இறக்கி, தமனி ரத்தத்தை எடுத்து அளந்து செய்யும் ஒப்பீடு. பிழை 4 சதவீதப் புள்ளிகளைத் தாண்டக் கூடாது. நெறிமுறைக் குழுவின் அனுமதியில்லாமல் இதைத் தொடவே கூடாது. சோதனைக்கென்று கருவி தயாரிக்கவும் எம்டி-13 உரிமம் வேண்டும்.

இதில் தோற்றால் போர்டைத் திருத்திப் புண்ணியமில்லை. சென்சாரை மாற்றுங்கள், அல்லது சரியாக அளக்கும் ஆயத்த சென்சார் மாட்யூலை வாங்கிப் போட்டு, மருத்துவருக்கு அனுப்பும் பகுதியை மட்டும் உங்களுடையதாக வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் முழுக்கருவிக்கான சோதனைகள் உண்டு. கௌரவம் பார்க்காதீர்கள்.

திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா நிறுவனத்தில் செயற்கை இதய வால்வு செய்தவர்கள் மூன்று வடிவங்களில் தோற்றார்கள். ஒன்றில் செயற்கை நீலக்கல் வட்டே உடைந்தது. நான்காவதில் பாலிஎதிலீன் வட்டுக்கு மாறினார்கள். 1990 டிசம்பரில் அது முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. அவர்கள் விடாமல் பிடித்துக்கொண்டது, நம் நோயாளிக்குக் கட்டுப்படியாகும் வால்வு என்ற இலக்கை. நீலக்கல்லை அல்ல.

இனி ஏழு மாதம். விற்பதற்கான உரிமம்வரை அது போதாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்ப உதவி நிறுவனமான பைராக், ஸ்டார்ட்-அப்களுக்குத் தரும் பிக் நிதிக்கு (18 மாதங்களுக்கு 50 லட்சம் ரூபாய் வரை) இப்போதே விண்ணப்பம் தயாரியுங்கள். பணம் கட்டம் கட்டமாகத்தான் வரும், அதுவும் சொன்ன வேலை முடிந்தால். வீட்டு வாடகைக்கு அதை நம்ப வேண்டாம். நான்காவது மாதக் கடைசியில் துல்லியம் எவ்வளவு இருந்தால் தொடர்வீர்கள் என்று இன்றே ஒரு எண்ணை எழுதி, இருவரும் கையெழுத்துப் போடுங்கள். அன்றைக்கு உட்கார்ந்து பேசினால் ஆசைதான் ஜெயிக்கும்.

கேள்வி: முதலீட்டாளரிடம் கருவி முழுமையாக வேலை செய்கிறது என்று சொல்லிவிட்டு, பிறகு செய்து முடித்துக்கொள்ளலாம் என்கிறார் எங்கள் ஆலோசகர். உங்கள் மேல் நம்பிக்கை வேண்டும் என்கிறார். (வாசகி, மதுரை)

பதில்: ஆலோசகரை மாற்றுங்கள். 2003இல் தொடங்கிய அமெரிக்காவின் தெரனோஸ், சில துளி ரத்தத்தில் எல்லாச் சோதனையும் என்றது. பல சோதனைகளை மற்ற கம்பெனிகளின் இயந்திரங்களில்தான் ஓட்டியது. நோயாளிகளுக்குத் தவறான முடிவுகள் போயின. 2018இல் கம்பெனி மூடப்பட்டது, 2022இல் நிறுவனர் மோசடிக் குற்றவாளி எனத் தீர்ப்பு வந்தது. உணவு டெலிவரி ஆப் தடுமாறினால் சாப்பாடு தாமதமாகும், அவ்வளவுதான். மருத்துவக் கருவி தடுமாறினால் பாதிக்கப்படுவது நோயாளி. முதலீட்டாளரிடம் மூன்று பட்டியல் கொடுங்கள்: சோதித்து நிரூபித்தவை, மேசையில் மட்டும் வேலை செய்பவை, இன்னும் காகிதத்தில் இருப்பவை. மூன்றாவதைப் பார்த்து ஓடுகிறவர், முதல் சோதனைத் தோல்வியிலும் ஓடுவார்.

கேள்வி: மருத்துவர்கள் பாராட்டுகிறார்கள். ஆஸ்பத்திரி வாங்க மாட்டேன் என்கிறது. (வாசகர், திருநெல்வேலி)

பதில்: பாராட்டுகிறவர் கையில் பணப்பெட்டி இல்லை. பயோமெடிக்கல் இன்ஜினியரையும் கொள்முதல் மேலாளரையும் பாருங்கள். ப்ரோப் உடைந்தால் என்ன விலை, ராத்திரி கெட்டால் யார் வருவது, காலிபரேஷன் (அளவு சரிபார்ப்பு) யார் பொறுப்பு என்று கேட்பார்கள். விடையை ஒரே தாளில் அச்சடித்துக் கொண்டுபோங்கள். பத்துக் கருவிக்கு இரண்டு உபரி ப்ரோபை விலையிலேயே சேர்த்துவிடுங்கள்.

குறு, சிறு நிறுவனங்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவை இன்றே செய்யுங்கள். பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனத்துக்கு ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்பது சட்டம். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கில் கூட்டு வட்டி. கேட்டு வாங்குவது சங்கடம்தான். அதனால் தவணைத் தேதியைக் கொள்முதல் ஆர்டரிலேயே எழுதி வாங்கிவிட்டுக் கருவியை இறக்குங்கள்.