லிவா மணலில் வண்டி சிக்கினால்

வணக்கம் நண்பரே. ஜூலையில் குடும்பத்தோடு அபுதாபியிலிருந்து லிவா மணல்மேடுகளுக்குப் போவதாகவும், வண்டி புதைந்தால் சாலையைத் தேடி நடக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து நடக்காதீர்கள். தேடி வருபவர்கள் கண்ணில் வண்டிதான் முதலில் படும், தனி ஆள் தெரியவே மாட்டார்.

டயர் காற்றை 15 பிஎஸ்ஐ வரை இறக்கிப் பாருங்கள், பெரும்பாலும் ஏறிவிடும். ஏறவில்லையா, போலீஸ் அவசர எண் 999-ஐ அழைத்து இருப்பிடத்தைச் சொல்லிவிட்டு வண்டி நிழலில் ஒதுங்குங்கள். உள்ளே உட்கார்ந்தால் அடுப்புதான். மேல் மணலும் கொதிக்கும், ஒரு முழம் தோண்டினால் சூடு நன்றாகக் குறையும்.

தண்ணீர்தான் என் பெரிய கவலை. ஆளுக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர் என்பது நிழலில் சும்மா இருந்தாலே வேண்டும். நானாக இருந்தால் 10 என்று ஏற்றுவேன். வறண்ட காற்றில் வியர்வை உடனே காய்ந்துவிடும், உடம்பிலிருந்து எவ்வளவு போகிறதென்றே தெரியாது. மிச்சம் பிடிப்பதாக நினைத்துத் தாகத்தை அடக்காதீர்கள், குழந்தைகளை அடக்க விடவே கூடாது. யாராவது உளற ஆரம்பித்தால் அது ஹீட் ஸ்ட்ரோக். உடனே உடம்பை நனைத்து விசிறுங்கள், உதவியையும் அழையுங்கள்.

அப்புறம், ஒற்றை வண்டியில் போக வேண்டாம். முடிந்தால் பயணத்தை டிசம்பருக்குத் தள்ளிவிடுங்கள்.