கோர்சிகாவில் கார் இல்லாமல், அம்மாவோடு 5 நாள்

வணக்கம். உங்களுக்குக் கார் ஓட்டத் தெரியாது, மலைப்பாதையில் பஸ் ஏறினாலே அம்மாவுக்குக் குமட்டும், ஆனால் செப்டம்பரில் 5 நாளில் பிரான்சைச் சேர்ந்த கோர்சிகா தீவின் மலை, கடல் இரண்டையும் பார்க்கணும் என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போகலாம், ரயிலை நம்புங்கள்.

மேற்குக் கரையில் உள்ள அஜாக்சியோவிலிருந்து தீவின் நடுமலைகளைத் தாண்டி வடகிழக்கில் பாஸ்தியா வரை ஒரு சின்ன ரயில் ஓடுகிறது, ஏறக்குறைய நாலு மணி நேரம். அதுவும் வளைந்து வளைந்துதான் போகும், ஆனால் நிதானமாகப் போகும். அம்மாவை வண்டி போகும் திசையைப் பார்த்து உட்கார வையுங்கள். வழியில் விஸ்ஸவோனாவில் கட்டாயம் இறங்குங்கள். சுமார் 900 மீட்டர் உயரத்தில், பைன் காட்டுக்கு நடுவில் ஒரு குட்டி ஸ்டேஷன். வண்டி கிளம்பிப் போனதும் எங்கோ தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்கும், பைன் பிசின் வாசனை வரும், எனக்கு அந்தத் தீவில் மிகவும் பிடித்த இடம் அதுதான். பக்கத்தில் அருவிக்கு ஒரு காட்டுப்பாதை உண்டு, வேரும் கல்லுமாக இருக்கும், அம்மாவால் முடிந்த தூரம் போதும்.

அடுத்த வண்டியில் ஈஃபெல் நிறுவனம் கட்டிய வெக்கியோ பாலத்தைக் கடந்து கோர்த்தே என்ற மலை ஊருக்குப் போய் இரவு தங்குங்கள். அப்புறம் போந்தே லெச்சியா ஸ்டேஷனில் வண்டி மாறி, கடற்கரை ஊரான கால்விக்குப் போங்கள். கடைசிப் பகுதியில் தண்டவாளம் கடலை ஒட்டியே போகும், மணலுக்குப் பக்கத்திலேயே இறங்கலாம்.

மேற்குக் கரையில் பியானா என்ற ஊரின் செம்பாறைகளை மட்டும் இந்த முறை விட்டுவிடுங்கள். அழகுதான், ஆனால் அந்தக் குறுகலான சாலை அம்மாவுக்கு ஒத்துக்கொள்ளாது. ஞாயிற்றுக்கிழமை வண்டிகள் குறைவு, அட்டவணையைப் பார்த்துவிட்டு அறை போடுங்கள்.