மிடி கோப்பில் நாதஸ்வரம் பியானோவாகக் கேட்பது ஏன்?

நீங்கள் திருநெல்வேலி ஸ்ரூடியோவுக்கு அனுப்பிய மிடி கோப்பில் நாதஸ்வரச் சத்தமே இல்லை, அதனால்தான் அங்கே பியானோ கேட்கிறது. எந்தக் கட்டை, எவ்வளவு அழுத்தம், எவ்வளவு நேரம் என்ற கட்டளைகள்தான் அதில் போகும். சத்தம் உங்கள் கணினியிலுள்ள பிளக்இன்னுடையது (வாத்தியச் சத்தம் தரும் துணை மென்பொருள்). மெட்டு முடிந்துவிட்டதென்றால் வேவ் கோப்பாக (சத்தமே பதிவான கோப்பு) எடுத்து அனுப்புங்கள், வேலை முடிந்தது.

அவர்கள் ஸ்வரங்களைத் திருத்த வேண்டுமா? அப்போ மிடியும் தேவை. அந்த டிராக்கில் 112ஆவது வாத்தியத்தைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள் (0இலிருந்து எண்ணும் மென்பொருளில் 111). ஜெனரல் மிடி என்ற பொது வாத்தியப் பட்டியலில் அது ஷெனாய் (நாதஸ்வரம் போன்ற வட இந்திய வாத்தியம்), நாதஸ்வரம் பட்டியலிலேயே இல்லை. சத்தம் மாறினால் கோப்பில் பிழையில்லை.

கமகத்தில்தான் கவனம். பிட்ச் பெண்ட் (ஸ்வரத்தை மேலும் கீழும் வளைக்கும் கட்டளை) வீச்சு வழக்கமாக மேலும் கீழும் 2 அரைச்சுரம். நீங்கள் 12 வைத்து வாசித்திருந்தால் அங்கே கமகமெல்லாம் சுருங்கி அபஸ்வரமாகக் கேட்கும். இரண்டு பக்கமும் ஒரே எண்ணை வையுங்கள்.