ஆயிரத்தில் ஒன்று

கேள்வி: தோல் செல்லை ஸ்டெம் செல்லாக (எந்த வகைச் செல்லாகவும் வளரக்கூடிய மூலச் செல்) மாற்றினால் ஆயிரத்தில் ஒன்றுகூடத் தேறுவதில்லையாமே, ஏன்?
– ஒரு வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: நம்ம பாலக்காட்டு வயலில் நெல் இப்படி முளைத்திருந்தால் என் அப்பா விதைக்கடைக்காரரோடு சண்டைக்கே போயிருப்பார்! 2006இல் ஜப்பான் விஞ்ஞானி யமானகா எலி செல்லை ஸ்டெம் செல்லாக்க அதற்குள் நான்கு மரபணுக்களைச் செலுத்தியபோது நிலைமை அதுதான். தோல் செல்லில் டி.என்.ஏ. ஹிஸ்டோன் புரதத்தைச் சுற்றி இறுகிக் கிடக்கும். வேண்டிய மரபணுக்கள் லேசில் திறக்காது. போதாததற்கு பி53 என்றொரு புரதக் காவல்காரன், மாறத் துணியும் செல்லைத் தடுப்பான், சிலசமயம் கொன்றேவிடுவான்.

இறுக்கத்தைத் தளர்த்த வால்ப்ராயிக் அமிலம் உதவியது. வலிப்புக்குக் கொடுக்கும் அதே மருந்துதான். செல் வளரும் இடத்தில் ஆக்சிஜனை 5 சதவீதமாகக் குறைத்தாலும் பலன் உண்டு. அப்புறம் வைட்டமின் சி, எனக்குப் பிடித்தது. செல் சீக்கிரம் கிழடாகாமல் பார்த்துக்கொள்கிறது. அதற்காக நெல்லிக்காயை அள்ளித் தின்னாதீர்கள் அம்மா, இதெல்லாம் ஆய்வகத் தட்டில் நடக்கிற சங்கதி.