புத்தாண்டும் நூல் வடையும்: குரோஷா கேள்வி பதில்

குரோஷா என்றால் கொக்கி ஊசியால் நூலைப் பின்னுவது. அதில் புத்தாண்டில் என்ன பின்னலாம், வீட்டாரைச் சிரிக்க வைக்க என்ன பரிசு கொடுக்கலாம் என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்த வரை சொல்கிறேன்.

சேலம்: அக்கா, மாதம் ஒரு பொம்மை, வருடத்துக்கு 12 என்று முடிவு செய்திருக்கிறேன். முடியுமா?

எண்ணிக்கையை விடுங்கள். நான் 12 என்று ஆரம்பித்த வருடம் 5 தான் முடிந்தது. அந்த ஐந்தும் இன்னாருக்கு என்று நினைத்துப் போட்டவை. முதலில் பாதியில் நிற்பதையெல்லாம் தரையில் பரப்புங்கள். முடிக்க மனமில்லாததைப் பிரித்து நூலைச் சுற்றி வையுங்கள். அப்புறம் நான்கு பேரின் பெயரையும் பிறந்தநாளையும் எழுதுங்கள். இந்த வருடத்துக்கு அது போதும்.

கோவை: எந்த நூல் வாங்கலாம்?

பொம்மைக்கு அக்ரிலிக் அல்லது காட்டன். உடம்பில் படும் துணிக்குக் காட்டன் மட்டும். சிவப்பு நூல் என்றால் ஈர வெள்ளைத் துணியில் தேய்த்துச் சாயம் போகிறதா என்று பாருங்கள்.

மதுரை: மாமனாருக்கு அறுபதாம் கல்யாணம். வழுக்கைத் தலை. முடி வைத்த தொப்பி பின்னிக் கொடுத்தால் எல்லோரும் சிரிப்பார்கள். எப்படிப் போடுவது?

போடாதீர்கள். என் சித்தப்பாவுக்கு நான் அதையே செய்தேன். சபையில் தலையில் வைத்துக்கொண்டு சிரித்தார். சாயங்காலம் அதை மடித்துச் சித்தியிடம் கொடுத்து, அலமாரியில் வைக்கச் சொன்னார். அந்த மடிப்பு இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

கண்ணாடியைத் தேடிக்கொண்டே இருப்பவரா? மூக்கு வடிவில் ஒரு கண்ணாடித் தாங்கி பின்னுங்கள். அடியில் கூழாங்கல்லைத் துணியில் முடிந்து வைத்தால் சாயாது. அரிசி வேண்டாம், வண்டு வரும்.

திருச்சி: மதுரைக்காரர் கேட்டதில் என்ன தப்பு? எங்கள் மாமா தன் வழுக்கையைத் தானே கிண்டல் செய்வார்.

அவர் சொல்வது வேறு, நாம் அதை நூலில் பின்னி நாலு பேர் முன்னால் நீட்டுவது வேறு. சொல்லிய வார்த்தை அன்றோடு போகும். பின்னிய பொருள் வீட்டிலேயே இருக்கும்.

தஞ்சாவூர்: அக்கா சொல்வதுதான் சரி. ஆனால் கிண்டலே இல்லாமல் சிரிப்பு எங்கிருந்து வரும்?

அவருக்குப் பிடித்ததிலிருந்து வரும். விடிந்தால் மெதுவடை கேட்கும் மனிதருக்கு நூலில் ஒரு வடை கொடுங்கள். தட்டில் வைத்து நீட்டினால் கை தானாக எடுக்கும், வாய் வரைக்கும் போகும். யார் மனமும் நோகாமல் வீடே சிரிக்கும்.

செய்முறை இதோ. 2.5 மி.மீ. கொக்கி ஊசி, இளம்பழுப்பு நூல். 18 சங்கிலி போட்டு, முறுக்காமல் வளையமாகச் சேருங்கள். முதல் சுற்று 18 சிங்கிள், அதாவது குட்டையான சாதாரணப் பின்னல் (அமெரிக்கப் பெயர்). அடுத்தடுத்த சுற்றுகளில் ஆறு ஆறாகக் கூட்டி 24, 30, 36. கூட்டாமல் மூன்று சுற்று. பிறகு ஆறு ஆறாகக் குறைத்து 30, 24, 18. கடைசிச் சுற்றை ஆரம்பச் சங்கிலியோடு சேர்த்துத் தையுங்கள். தைக்கத் தைக்கக் கொஞ்சம் கொஞ்சமாகப் பஞ்சை அடையுங்கள். நடுவில் ஓட்டை தானாக அமையும். வெளி விளிம்பில் அடர்பழுப்பு நூலைச் சீரில்லாமல் ஓட்டினால் எண்ணெயில் சிவந்த இடம் போல வரும். கறுப்பு நூலில் அங்கங்கே ஒரு முடிச்சு வைத்தால் மிளகு. பச்சையில் இரண்டு கோடு, கறிவேப்பிலை.

ஒன்று மட்டும் கவனம். மூன்று வயதுக்குக் கீழே குழந்தை இருக்கும் வீட்டுக்கு மணி, பொத்தான், பிளாஸ்டிக் கண் எதுவும் வேண்டாம். நூலிலேயே தைத்துவிடுங்கள்.

ஈரோடு: இணையத்தில் எடுத்த குறிப்பின்படி போட்டால் இரண்டு மடங்கு உயரமாக வருகிறதே?

அமெரிக்கக் குறிப்பில் சிங்கிள் என்பதைப் பிரிட்டிஷ் குறிப்பில் டபுள் என்பார்கள். அமெரிக்க டபுளோ அதைவிட உயரமான பின்னல், மாற்றிப் போட்டால் உயரம் கூடிவிடும். எந்த நாட்டுக் குறிப்பு என்று முதலில் பாருங்கள்.

வேலூர்: பொம்மைக்கு எந்த நூல்?

கோவைக்குச் சொன்னதுதான்.

நெல்லை: ஒரு பொம்மைக்கு 150 ரூபாய் கேட்டால் 'மெஷின்ல போட்டதுதானே' என்று பேரம் பேசுகிறார்கள்.

கடைகளில் கிடைக்கும் இயந்திரப் பின்னல் நிட்டிங் வகை, கையால் என்றால் இரண்டு நேர் ஊசியில் பின்னுவது. குரோஷாவைக் கையால்தான் போடுகிறார்கள், அதை அவர்களிடம் சொல்லுங்கள். ஆந்திராவில் நரசாபுரம் பக்கத்துப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகப் போடும் குரோஷா லேசுக்கு 2024இல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. ஆறு மணி நேர வேலைக்கு 150 ரூபாய் என்றால் மணிக்கு 25, அதிலும் நூல் விலை போக வேண்டும். தெரிந்தவர்களுக்குச் சும்மா கொடுங்கள். விற்பதானால் நேரத்தை எழுதிக் கணக்குப் போட்டு விலை சொல்லுங்கள்.

நாகர்கோவில்: அண்ணன் குழந்தைக்கு ஒரு வயது. யானைக்குப் பிளாஸ்டிக் கண் வைக்கலாமா? அப்புறம், எந்த நூல்?

கண் கூடவே கூடாது, நூலில் தையுங்கள். மேலேயே சொன்னேன். நூலுக்குக் கோவை பதிலைப் பாருங்கள்.

காஞ்சிபுரம்: கம்பளி ஸ்வெட்டரை ஊசியில் பின்னுவது எப்படி?

நிட்டிங் தெரிந்தவரிடம் கேளுங்கள். நான் கொக்கி ஊசி மட்டும்தான்.

தஞ்சாவூர்: வடை போட்டுவிட்டேன்! அப்பா கடித்தே விட்டார். கழுவலாமா?

தாராளமாக. மெல்லப் பிழிந்து, நிழலில் ஒரு தட்டில் படுக்க வைத்துக் காய விடுங்கள். கொடியில் தொங்கவிட்டால் ஓட்டை நீண்டுவிடும்.