கஞ்சா போதையில் வண்டி ஓட்டிப் பிடிபட்டால் அபராதத்தோடு முடிந்துவிடுமா?

மண்டபத்திலிருந்து பாம்பன் பாலம் வழியாகக் கஞ்சா போதையில் பைக் ஓட்டிச் சிக்கினால் அபராதத்தோடு விட்டுவிடுவார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படி நம்புவதற்கில்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவின்படி முதல் முறை 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். மறுமுறை சிறை 2 ஆண்டு வரையிலும், அபராதம் 15,000 ரூபாயாகவும் உயரும். மதுவுக்கு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் என்று வரம்பு வைத்த அதே பிரிவு, போதைப்பொருளுக்கு எந்த அளவையும் குறிக்காமல், ஓட்டுநர் வண்டியைச் சரிவரக் கட்டுப்படுத்த இயலாத நிலையில் இருந்தாரா என்றே பார்ப்பதால், வழக்கில் மருத்துவப் பரிசோதனையே முக்கியச் சான்றாக நிற்கும். புகைத்ததற்கு 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் 27-ஆம் பிரிவு தனியே பாயும். இலங்கைக்குக் கடத்தல் நடக்கும் கரை இது என்பதால் பையையும் சோதிப்பார்கள். கஞ்சாப் பொட்டலம் இருந்தால், அதை வைத்திருந்ததற்காக அதே போதைப்பொருள் சட்டத்தின் 20-ஆம் பிரிவும் சேரும்.