ஹைட்ரேஞ்சியா இலை பிசுபிசுக்குதா? முதலில் திருப்பிப் பாருங்கள்

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது, கோபித்துக்கொள்ளாதீர்கள். பொள்ளாச்சியிலிருந்து வந்து லண்டன் ஹாரோவில் வாடகை வீடு பிடித்திருக்கிறீர்கள், பின்பக்கத் தோட்டத்து ஹைட்ரேஞ்சியா பூச்செடியின் இலையெல்லாம் ஜீரா கொட்டினமாதிரி பிசுபிசுக்குது, மேலே கரி வேறு படியுது, இது என்ன நோய், அம்மா கொடுத்துவிட்ட வேப்பெண்ணெயை அடிக்கலாமா, வீட்டுக்காரர் டெபாசிட்டில் கை வைப்பாரா என்கிறீர்கள். 2016-இல் ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ இந்தியாவிலேயே முதலில் தென்பட்டது உங்கள் ஊர்ப்பக்கத் தென்னையில்தானே? மட்டையெல்லாம் கறுத்துப்போய், அந்தக் கரி உரிய மைதா கரைத்து அடிக்கச் சொன்னார்களே, அதே கதைதான் இங்கேயும். பூச்சிதான் வேறு.

செடிச்சாற்றில் சர்க்கரை அதிகம், பூச்சி வளர வேண்டிய சத்து கம்மி. அதனால் அது வண்டிவண்டியாக உறிஞ்சிவிட்டு மிச்சச் சர்க்கரைத் தண்ணீரைப் பின்னால் கழித்துவிடுகிறது. அது கீழே இருக்கும் இலையின் மேல்பக்கம் விழுந்து, அதில் கரும்பூஞ்சணம் பிடிக்கிறது. ஆக, பிசுபிசுக்கிற இலையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் ஒன்றும் தெரியாது, அதற்கு மேலே இருக்கிற இலையின் அடியைத்தான் பார்க்க வேண்டும்.

கொழுந்தில் பச்சையாக, கறுப்பாகக் கும்பலாக அப்பியிருந்தால் அசுவினி, எறும்பும் வரிசைகட்டி ஏறும். தட்டினதும் வெள்ளையாகப் பறந்தால் வெள்ளை ஈ. இலையடியிலும் தண்டிலும் பச்சரிசி நொய்யை ஒட்டவைத்தமாதிரி, நாலு மில்லிமீட்டர் நீளத்துக்கு வெள்ளை மெழுகுத் தடம் இருந்தால் அது ஹைட்ரேஞ்சியா செதில்பூச்சியின் முட்டைப்பை. நகத்தால் கீறினால் பஞ்சுமாதிரி இழுபடும். இந்த மூன்றில் அதுதான் பிடிவாதக்காரன்.

இலையடியில் எதுவுமே இல்லையா? அப்படியானால் தலையைத் தூக்கிப் பாருங்கள். நான் வந்த புதிதில் ஒரு மாதம் செடியைத் துடைத்துத் துடைத்து ஓய்ந்துபோனேன், காலையில் துடைத்தால் சாயங்காலம் பழையபடி. ஒருநாள் குப்பைத்தொட்டி மூடியில் கை வைத்தேன், அதுவும் ஒட்டுது. அப்புறம்தான் மேலே பார்த்தேன், பக்கத்துத் தெருவோரத்து லைம் மரம் வேலிக்கு மேல் குடைபிடித்துக்கொண்டு நிற்கிறது. (லைம் என்றதும் எலுமிச்சையைத் தேடாதீர்கள், இது வேறு மரம்.) அதில் இருக்கும் அசுவினிதான் கோடை முழுக்கத் தூறிக்கொண்டிருந்தது. உங்கள் கார், தொட்டி மூடி, நாற்காலி எல்லாம் பிசுபிசுத்தால் செடிமேல் குற்றமில்லை, கழுவிவிட்டுப் போகவேண்டியதுதான்.

அசுவினி என்றால் கொழுந்தை விரலால் வழித்துவிட்டுத் தண்ணீரை அடியிலிருந்து மேல்பக்கமாகப் பீய்ச்சி அடியுங்கள், நாலைந்து நாள் விட்டு மறுபடி. சில கோடைகளில் தண்ணீர்த் தட்டுப்பாட்டால் ஹோஸுக்குத் தடை போடுவார்கள், அப்போது வாளியும் துணியும்தான். சிவப்பில் கறும்புள்ளி போட்ட லேடிபேர்டு வண்டு, அதன் முதலைக்குட்டி மாதிரி இருக்கும் புழு, இரண்டையும் விட்டுவையுங்கள், அவை அசுவினியைத் தின்னும். தழைச்சத்து உரத்தை அள்ளிப் போடாதீர்கள், கொழுந்து எவ்வளவு இளசோ அசுவினிக்கு அவ்வளவு விருந்து.

செதில்பூச்சிக்குப் பொறுமை வேண்டும். தடம் நிறைய இருக்கிற இலையைக் கிள்ளிக் குப்பையில் போடுங்கள், தண்டில் இருப்பதைப் பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். முட்டை பொரிந்து குஞ்சு வெளிவருவது கோடையில்தான், தோட்டக்கடையில் கிடைக்கிற கொழுப்பமில சோப்பு மருந்து அப்போதுதான் நன்றாகப் பிடிக்கும். தப்பித்தவை தண்டிலேயே குளிர்காலத்தைக் கழிக்கும் என்பதால், இலை உதிர்ந்து குச்சியாக நிற்கிற டிசம்பர், ஜனவரியில் வின்டர் வாஷ் என்கிற தாவர எண்ணெய்த் தெளிப்பு மருந்தை அடிக்கலாம்.

வேப்பெண்ணெயை அம்மா ஞாபகமாக வைத்துக்கொள்ளுங்கள், செடிக்கு வேண்டாம். பூச்சிமருந்தாக அதற்கு இங்கே அனுமதி இல்லை, பாத்திரம் கழுவும் சோப்பைக் கரைத்து அடிப்பதும் அப்படியே. லேபிளில் அந்தப் பூச்சிக்கென்று எழுதியிருப்பதைத்தான் அடிக்க வேண்டும், அதையும் பூ விரிந்திருக்கும்போது அடிக்காதீர்கள், தேனீ வரும். கரியை ஈரத்துணியால் துடைத்தால் போதும், ஒரு செடிக்கு மைதாவெல்லாம் எதற்கு.

இன்னொன்று, கத்தரியை எடுக்காதீர்கள். நான் எடுத்தேன். வெள்ளைத் தடத்தைப் பார்த்துப் பயந்து அக்டோபரில் முழங்கால் உயரத்துக்கு வெட்டித் தள்ளினேன், அடுத்த வருஷம் ஒரு பூ இல்லை, வெறும் இலை. பந்துபந்தாகப் பூக்கிற இந்த ரகம் போன வருஷத் தண்டில்தான் மொட்டு வைக்கும். காய்ந்த பூவையும் வசந்தம் வரைக்கும் விட்டுவிடுங்கள், அடியில் இருக்கும் மொட்டுக்கு உறைபனியிலிருந்து அதுதான் போர்வை.

டெபாசிட் விஷயம். பூச்சி வந்ததற்கு யாரும் பணம் பிடிக்க மாட்டார்கள், தோட்டத்தைக் காடாக விட்டால்தான் பேச்சு வரும். இருந்தாலும் தேதி தெரிகிற மாதிரி படமெடுத்து, "இப்படி இருக்கிறது, கழுவிக்கொண்டிருக்கிறேன்" என்று ஏஜென்ட்டுக்கு ஒரு மெயில் தட்டிவிடுங்கள். வாயால் சொன்னது காலி செய்கிற அன்றைக்கு யாருக்கும் ஞாபகம் இருக்காது. அப்படியே டெபாசிட் கொடுத்த 30 நாளுக்குள் அதை அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டத்தில் போட்டார்களா, அதற்கான தாள் கைக்கு வந்ததா என்றும் பார்த்துவிடுங்கள், செடியைவிட அது முக்கியம்.

சரி, நாளைக் காலை வெளிச்சத்தில் இலையடியை ஒரு படம் எடுத்துப் போடுங்கள், மேலே மரம் இருந்தால் அதையும் சேர்த்து.